மலைச்சிங்கத்தைப் பார்த்தீர்களா? அடையாளம், ஆதாரம், சட்டம்: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நடுமேற்கிலும் கிழக்கிலும், கூகர், பியூமா என்றும் அழைக்கப்படும் பெரிய பூனை இன விலங்கான மலைச்சிங்கத்தைப் பார்த்ததாக ஆண்டுதோறும் பலர் மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் தகவல் தருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ‘உறுதி செய்யப்படாதது’ என்ற குறிப்போடு கோப்பில் தூங்கிவிடுகின்றன. சொன்னவர் பொய் சொன்னார் என்பது அதற்குப் பொருள் அல்ல. சரிபார்க்கும் வகையில் எதுவும் கையில் இல்லை என்பதுதான் பொருள். நாயையும் வீட்டுப் பூனையையும் தொலைவில் பார்த்து ஏமாந்தவர்கள் இந்தக் கோப்புகளில் நிறைய இருக்கிறார்கள். உண்மையாகவே ஒரு மலைச்சிங்கத்தைப் பார்த்துவிட்டு அதை நிரூபிக்க வழி தெரியாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

இதை நான் பெரிய விஷயமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு விலங்கு இங்கே நடமாடுகிறது என்று ஐயமின்றிப் பதிவானால்தான் சட்டம் அதைத் திரும்பிப் பார்க்கிறது. இல்லினாய்ஸ் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரலில் சிகாகோ நகருக்குள், ராஸ்கோ வில்லேஜ் பகுதியில் ஓர் ஆண் மலைச்சிங்கத்தைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அந்த மாநிலத்தில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 2013 இல் வைட்சைடு கவுண்டியில் இன்னொன்று சுடப்பட்டது. 2015 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மலைச்சிங்கம், சாம்பல் ஓநாய், கருங்கரடி ஆகிய மூன்றும் அங்கே பாதுகாக்கப்பட்ட விலங்குகள் ஆயின. 2022 இல் நெப்ராஸ்காவில் ரேடியோ காலர் மாட்டப்பட்ட ஒரு மலைச்சிங்கம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வீடுகளுக்கு அருகே வந்தபோது, மயக்க ஊசி செலுத்திப் பிடித்து இண்டியானாவில் உள்ள ஒரு காப்பகத்துக்கு அனுப்பினார்கள். ஒரே மாநிலம், பதினான்கு ஆண்டுகள். நடுவில் ஆதாரமும் சேர்ந்தது, சட்டமும் மாறியது.

கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மேற்கு மாநிலங்களில் மலைச்சிங்கம் இருப்பது செய்தியே அல்ல. ஆகவே மிச்சிகன், இல்லினாய்ஸ், மிசூரி, நியூயார்க் என அது இல்லாமல் போய்விட்டதாகக் கருதப்பட்ட பகுதிகளில் வாழ்பவர்களுக்கே இந்த வழிகாட்டி முதன்மையாக உதவும். பாதுகாப்பும் தடம் பார்க்கும் முறையும் எல்லா இடத்துக்கும் பொதுவானவை.

படி 1: முதலில் உங்கள் உயிர்

மலைச்சிங்கம் மனிதரைத் தாக்குவது மிக அரிது. வட அமெரிக்கா முழுவதிலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பதிவான மரணங்கள் ஏறத்தாழ முப்பதுதான். ஆனாலும் நேருக்கு நேர் நின்றுவிட்டால் செய்ய வேண்டியதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது பூனை இனத்தின் இயல்பு. முதுகைக் காட்டாமல், அதன் மீதிருந்து கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். கைகளை உயர்த்தியோ மேல்சட்டையை விரித்துப் பிடித்தோ உங்களைப் பெரிதாகக் காட்டுங்கள். உரத்த குரலில் அதட்டுங்கள். குழந்தை கூட இருந்தால் கூடியவரை குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். அது விலகிப் போக வழி விட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் கல், கட்டை, கையில் கிடைத்தது எதுவானாலும் எடுத்து எதிர்த்துப் போராட வேண்டும். செத்தது போலப் படுப்பது இங்கே உதவாது.

மனித உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911 என்ற அவசர எண். மற்ற எல்லாவற்றுக்கும் அடுத்த படிகள்.

படி 2: மறப்பதற்குள் எழுதுங்கள்

வீட்டுக்கு வந்தவுடன், யாரிடமும் சொல்வதற்கு முன், இணையத்தில் மலைச்சிங்கப் படங்களைப் பார்ப்பதற்கும் முன், ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். படத்தைப் பார்த்துவிட்டால் நம் நினைவு அந்தப் படத்தின் சாயலை ஏற்றுக்கொள்ளும். அதன்பிறகு நாம் பார்த்தது எது, படத்தில் கண்டது எது என்று பிரிக்க முடியாது.

நாள், நேரம், வெளிச்சம், தொலைவு, எத்தனை நொடிகள் பார்த்தீர்கள், எந்தத் திசையில் போனது: இவ்வளவும் வேண்டும். ‘பெரியதாக இருந்தது’ என்று எழுதிப் பயனில்லை. ‘வேலியின் நடுக்கம்பி வரை முதுகு இருந்தது’ என்று எழுதினால் அந்த வேலியை யாரும் பிறகு வந்து அளந்துகொள்ளலாம். வாலைப் பார்த்தீர்களா, இல்லையா என்பதைத் தனியாகக் குறியுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். அந்த நேர்மைதான் மற்ற வரிகளுக்கும் மதிப்பைத் தரும்.

படி 3: வேறு எதுவாக இருக்கலாம் என்று பாருங்கள்

வளர்ந்த ஆண் மலைச்சிங்கம் பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது, 30 முதல் 50 கிலோ. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஆண் 2 மீட்டரைத் தாண்டும். உடல் முழுவதும் ஒரே மாதிரியான மஞ்சள் கலந்த பழுப்பு. புள்ளிகள் குட்டிகளுக்கு மட்டும்தான், அவையும் முதல் சில மாதங்களில் மங்கிவிடும். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் வால்: தடித்து, நீண்டு, தரையை நோக்கித் தொங்கி, நுனியில் கருமை படர்ந்திருக்கும்.

பாப்கேட் எனப்படும் காட்டுப்பூனைதான் அதிகம் ஏமாற்றுவது. அதன் வால் ஒரு சாணுக்கும் குறைவு. எடையும் அநேகமாக 15 கிலோவைத் தாண்டாது. மஞ்சள் நிற லாப்ரடார் நாய், சொறி பிடித்து முடி கொட்டிய கொயோட்டி (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய விலங்கு), புல்வெளியில் தனியாக நிற்கும் மான் ஆகியவையும் அந்தி வெளிச்சத்தில் மலைச்சிங்கமாகத் தெரிந்திருக்கின்றன. அருகில் அளவுகோலாக எதுவும் இல்லாத படங்களில் வீட்டுப் பூனைகூடப் பூதாகரமாகத் தோன்றும்.

கறுப்பு நிறத்தில் பார்த்தேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுத்தையிலும் ஜாகுவாரிலும் கருநிற விலங்குகள் உண்டு. மலைச்சிங்கத்தில் அப்படி ஒன்று இதுவரை எங்கும் உறுதி செய்யப்பட்டதில்லை. நடு இரவில் பெண் அலறுவது போன்ற சத்தம் கேட்டது என்பதும் அடிக்கடி வரும் தகவல். செந்நரியும் பாப்கேட்டும் அப்படிக் கத்தும். சத்தத்தை மட்டும் வைத்து எந்தத் துறையும் எதையும் உறுதி செய்யாது.

படி 4: தடத்தைப் படிப்பது

விலங்கு ஒரு நொடியில் மறைந்துவிடும். ஓடையோரச் சேற்றில் பதிந்த தடம் மழை வரும்வரை நமக்காகக் காத்திருக்கும். ஆகவே விலங்கு போன பிறகு, போதிய நேரம் விட்டு, பகல் வெளிச்சத்தில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். வளர்ந்த மலைச்சிங்கத்தின் தடம் 7.5 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை அகலமாக இருக்கும். பாப்கேட்டின் தடம் 5 செ.மீ. அளவில் நின்றுவிடும். ஆனால் பெரிய நாயின் தடமும் மலைச்சிங்கத்தின் அளவுக்கு இருக்கும் என்பதால், அகலத்தோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்து நகம். பூனை இனம் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்; நாய்க்கு அது முடியாது. விரல்களின் முன்னால் கூரிய குழிகள் தெரிந்தால் பெரும்பாலும் நாய் அல்லது கொயோட்டி. இதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். நகம் தேய்ந்த நாய் கெட்டியான மண்ணில் நகக்குறி இல்லாமலும் நடக்கும். வழுக்கும் சேற்றில் மலைச்சிங்கமும் நகத்தை ஊன்றும்.

உறுதியான அடையாளம் விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய திண்டில் இருக்கிறது. குனிந்து உற்றுப் பாருங்கள். அதன் பின் ஓரம் மூன்று மேடுகளாகப் பிரிந்திருக்கும். முன் ஓரம் கூராக இல்லாமல், தட்டையாக, இரண்டு மெல்லிய மேடுகளோடு இருக்கும். நாயின் திண்டு முன்பக்கம் ஒரே மேடாகக் குவிந்து முக்கோணம் போலத் தெரியும். நாய்த் தடத்தில் விரல்களுக்கும் திண்டுக்கும் இடையே உள்ள மண்மேட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பார்க்கலாம், கோடுகள் விரலில் படாமல் போகும். மலைச்சிங்கத் தடத்தில் திண்டு பெரியது, ஆகவே அந்தக் குறிக்கு இடம் இருக்காது. நான்கு விரல்களில் ஒன்று மற்றவற்றைவிட முன்தள்ளி நிற்பதையும் கவனியுங்கள். நம் கையின் நடுவிரலைப் போல அது இடம் வலத்தைக் காட்டிக்கொடுக்கும். நாயின் தடம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும்.

பனியில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. வெயில் பட்டு உருகிய தடம் விரிந்துகொண்டே போகும். காலையில் வந்த கொயோட்டி மாலைக்குள் மலைச்சிங்கமாகிவிடும்.

படம் எடுக்கும்போது தடத்துக்கு நேர் மேலே கேமராவைப் பிடியுங்கள். சாய்த்து எடுத்தால் அளவு பொய்யாகும். தடத்தின் பக்கத்தில் அதே மட்டத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். இல்லையென்றால் ஒரு டாலர் நோட்டு போதும்; அதன் நீளம் 15.6 செ.மீ. என்பது எல்லா அதிகாரிகளுக்கும் தெரியும். செருப்பை வைக்காதீர்கள், உங்கள் செருப்பின் அளவு அவர்களுக்குத் தெரியாது. ஒரு தடத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியான நான்கைந்து தடங்களையும், அவற்றுக்கு இடையிலான தொலைவையும் எடுங்கள். பிறகு பின்னால் நகர்ந்து அந்த இடம் முழுவதும் தெரிய ஒரு படம். அதிகாரி வரும் வரை நல்ல தடம் ஒன்றின் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்தால் மழை கலைக்காது.

படி 5: விலங்கின் படம் இருந்தால்

டிரெயில் கேமராவிலோ (விலங்கு கடக்கும்போது தானே படம் எடுக்கும் கேமரா) கைபேசியிலோ படம் சிக்கியிருந்தால் அந்த மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வெட்டாதீர்கள், பிரகாசம் கூட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலை அனுப்பாதீர்கள். நாள், நேரம் போன்ற விவரங்கள் மூலக் கோப்பில்தான் இருக்கும். எங்கோ மேற்கில் எடுத்த படத்தைத் தன் ஊரில் எடுத்ததாகப் பரப்புவது பழைய மோசடி என்பதால், அதிகாரிகள் முதலில் தேடுவதே இந்த விவரங்களைத்தான்.

கேமரா கம்பத்திலோ மரத்திலோ கட்டியிருந்தால் அதை அசைக்காதீர்கள். அதே கோணத்தில், விலங்கு நின்ற அதே இடத்தில் ஓர் அளவுக்கோலை நட்டு இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் உயரம் தெரிந்துவிடும். துறையினரும் இதையே செய்கிறார்கள். சில இடங்களில் மலைச்சிங்கத்தின் முழு அளவு அட்டை உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்திப் படம் எடுத்து ஒப்பிடுவார்கள். எத்தனையோ ‘மலைச்சிங்கங்கள்’ இந்தச் சோதனையில் வீட்டுப் பூனைகளாகியிருக்கின்றன.

படி 6: இரை, எச்சம், முடி

மான் ஒன்று செத்துக் கிடந்து, அதன் மேல் சருகும் புல்லும் வாரிப் போட்டு மூடியிருந்தால் உடனே விலகுங்கள். மலைச்சிங்கம் இரையை இப்படி மறைத்துவைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வரும். இருந்த இடத்திலிருந்தே துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

எச்சத்தையும் முடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துவைத்து, எடுப்பதா வேண்டாமா என்று துறையிடம் கேளுங்கள். எடுக்கச் சொன்னால் கையுறை அணிந்து காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி மரபணுவைச் சிதைத்துவிடும்.

ஒரு பிடி முடி என்ன சொல்லும் என்பதற்கு 2011 இல் நடந்தது சான்று. அந்த ஜூன் மாதம் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்டு அருகே நெடுஞ்சாலையில் கார் மோதி ஓர் ஆண் மலைச்சிங்கம் செத்தது. யாரோ வளர்த்துத் தப்பிய விலங்காக இருக்கும் என்றுதான் முதலில் பேச்சு. மரபணுவைச் சோதித்தபோது அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் முன்பே சேகரித்து வைத்திருந்த எச்சமும் முடியும் அதே விலங்கினுடையவை. 2010 டிசம்பரில் நியூயார்க்கின் லேக் ஜார்ஜ் பகுதியில் பனித் தடத்தருகே எடுத்த முடியும் அதனுடையதே. 2,400 கிலோமீட்டருக்கு மேல் அது நடந்திருக்கிறது. வழியில் எங்கோ எச்சத்தை யாரோ பொறுப்போடு உறையில் போட்டு வைத்திருக்காவிட்டால் அந்தப் பயணத்தை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

இப்படி நெடுந்தொலைவு வருபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். பெண்கள் பிறந்த இடத்துக்கு அருகிலேயே தங்கும் வழக்கம் உள்ளவை. ஆகவே ஓர் ஆணைப் பார்த்ததால் மலைச்சிங்கம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. குட்டி தென்பட்டால் கதையே வேறு. மிச்சிகனில் சட்டப்படி வேட்டையாடப்பட்ட கடைசி மலைச்சிங்கம் 1906 இல், மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பத்தில், நியூபெரி அருகே விழுந்தது. 2025 மார்ச்சில் அதே மேல் தீபகற்பத்தின் ஆன்டனாகன் கவுண்டியில் சாதாரணக் குடிமகன் ஒருவர் எடுத்த படங்களில் இரண்டு குட்டிகள் இருப்பதை மாநில இயற்கை வளத் துறை உறுதி செய்தது. நூறாண்டுக்குப் பிறகு அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது.

படி 7: உங்கள் மாநிலத்தின் சட்டத்தைத் தேடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே தவறாக எண்ண வாய்ப்பு இருக்கிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சிறுத்தை இருக்கிறது. வால்பாறையானாலும் மும்பையானாலும் அதே சட்டம்தான். தற்காப்புக்காக அன்றி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியில்லாமல் அதைக் கொல்ல முடியாது. அமெரிக்காவில் வனவிலங்குகளை நிர்வகிப்பது பெரும்பாலும் மாநிலங்கள். ஆற்றைக் கடந்தால் சட்டமே மாறிவிடும்.

பிளாக் ஹில்ஸில் பிறந்த ஓர் இளம் ஆணை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தெற்கு டகோட்டாவில் 2005 முதல் அதற்கு வேட்டைப் பருவம் உண்டு. கிழக்கே மினசோட்டாவுக்குள் போனால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தெற்கே அயோவாவுக்குள் இறங்கினால் அந்த மாநிலச் சட்டம் அதற்கு எந்தக் காப்பும் தருவதில்லை, எவரும் சுடலாம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய்ஸில் கால் வைத்தால் மீண்டும் பாதுகாப்பு. விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாது என்றிருக்க, அதன் உயிர் அந்தக் கோட்டில் தொங்குவது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

கலிஃபோர்னியாவில் 1972 இல் வேட்டை நிறுத்தப்பட்டது. 1990 இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 117 ஆம் முன்மொழிவு மலைச்சிங்கத்தைச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்ட பாலூட்டியாக அறிவித்தது. டெக்சாஸ் நேர் எதிர்முனை: ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். 2024 இல்தான், அடைத்துவைத்து வேட்டையாடுவதைத் தடுத்து, பொறிகளை 36 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது. கொலராடோவில் அதே 2024 நவம்பரில் வேட்டைத் தடைக்கான முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. மிசூரியில் மலைச்சிங்கம் பாதுகாக்கப்பட்டதே என்றாலும், கால்நடையைத் தாக்கினாலோ மனிதரை அச்சுறுத்தினாலோ கொல்லலாம். கொன்றவர் உடனே துறைக்குத் தெரிவித்து உடலை ஒப்படைக்க வேண்டும்.

கூட்டாட்சி அளவில் 1973 ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டம் இன்று ஃபுளோரிடா பாந்தருக்கு மட்டுமே கைகொடுக்கிறது. இதுவும் மலைச்சிங்கமே, 1967 முதல் பட்டியலில் இருக்கிறது. இருப்பவை 120 முதல் 230 வரை என்பது மதிப்பீடு. 1995 இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்தக் கூட்டம் தலையெடுத்தது. தெரிந்தே அதைக் கொன்றால் ஓராண்டு வரை சிறையும் 50,000 டாலர் வரை அபராதமும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தன் உயிரையோ குடும்பத்தார் உயிரையோ காக்கக் கொன்றதாக உண்மையில் நம்புபவருக்கு விலக்கு உண்டு. நாயைக் காக்க, ஆட்டைக் காக்க என்றால் அந்த விலக்கு இல்லை. கிழக்கு கூகர் என்று தனியாகப் பட்டியலிட்டிருந்ததை அழிந்துபோனதாக முடிவு செய்து 2018 இல் நீக்கிவிட்டார்கள். எனவே மேற்கிலிருந்து இன்று கிழக்கே நடந்து வரும் மலைச்சிங்கத்துக்கு மாநிலச் சட்டம்தான் துணை.

சட்டத்தைத் தேடும்போது கூகர், பியூமா, பாந்தர், மவுண்டன் லயன் என எல்லாப் பெயரிலும் தேடுங்கள். பாதுகாப்பு நிலை என்ன, கால்நடை வளர்ப்பவருக்கு என்ன விலக்கு, கொன்றால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், நகமும் தோலும் வைத்திருக்கலாமா என்ற நான்கையும் குறித்துக்கொண்டால் போதும். கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட விலங்கின் பாகத்தை மாநில எல்லை தாண்டி விற்றாலோ கொண்டுபோனாலோ 1900 ஆம் ஆண்டின் லேசி சட்டமும் சேர்ந்துகொள்ளும். சாலையோரம் செத்துக் கிடக்கும் விலங்கிலிருந்து பல்லோ நகமோ எடுத்தாலும் வழக்கு வரலாம்.

படி 8: யாரிடம் சொல்வது

மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் இதற்கென்றே படிவம் இருக்கும். மிசூரியில் 1996 முதல் மலைச்சிங்கத்துக்கென்று தனிக் குழுவே இயங்குகிறது. தடம் புதிதாக இருந்தால் படிவத்தோடு நிற்காமல் உள்ளூர் வனவிலங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்து பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. படி 2 இல் எழுதிய தாள், மூலப் படங்கள், வரைபடத்தில் குறித்த இடம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

சமூக ஊடகத்தில் இடத்தைப் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அயோவா போன்ற மாநிலத்தில் அது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வழி சொல்வதாகும். பாதுகாப்புள்ள மாநிலத்திலும் கூட்டம் கூடிவிடும், குட்டிகளுடன் இருக்கும் தாய் கலைந்துவிடும். பகிரத்தான் வேண்டும் என்றால் கவுண்டியின் பெயரோடு நிறுத்துங்கள், படத்தில் பதிந்துள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். மூலக் கோப்பு துறையிடம் இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் நாய்களும் இருக்கும் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்வது வேறு, அதைச் செய்ய வேண்டும்.

படி 9: பதில் வந்த பிறகு

‘உறுதி செய்ய இயலவில்லை’ என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். கூகர் நெட்வொர்க் என்ற ஆய்வு அமைப்பு ஆதாரங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. உடல், பிடிபட்ட விலங்கு, தெளிவான படம், மரபணு ஆகியவை முதல் வகை. தகுதியுள்ள நிபுணர் சரிபார்த்த தடம் போன்றவை இரண்டாம் வகை. கண்ணால் கண்டது மட்டும் இரண்டிலும் சேராது. உங்கள் நேர்மையை எவரும் எடைபோடவில்லை, ஆதாரம் அந்தத் தட்டுகளில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

துறை எதையோ மறைக்கிறது என்ற பேச்சும் உடனே கிளம்பும். மிச்சிகன் துறை 2008 முதல் உறுதியான பதிவுகளை வரிசையாக வெளியிட்டு வருகிறது. மறைக்க விரும்பும் துறை குட்டிகளின் படத்தை ஊரறிய வெளியிடாது.

உங்கள் நிலத்தில் கேமரா வைக்க முடிந்தால், மான்கள் நடந்து பழகிய பாதையிலோ ஓடையைக் கடக்கும் இடத்திலோ முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். பொது நிலமானால் அங்கே கேமரா வைக்க அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். பார்வையில் படும்படி அளவு குறித்த கம்பு ஒன்றை முதல் நாளே நட்டுவிடுங்கள். இறைச்சி வைத்து அழைக்காதீர்கள். மனிதர் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிய விலங்கைக் கடைசியில் சுட்டுத்தான் அகற்றுவார்கள். ஆடு, கோழி வளர்ப்பவர்கள் இரவில் கூரையுள்ள கொட்டிலில் அடையுங்கள், நாயை அந்தியிலும் விடியலிலும் தனியே வெளியே விடாதீர்கள். அடுத்த முறை தடம் கிடைத்தால் முந்தைய தகவலின் எண்ணையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒரே ஓடையில் இரண்டாவது முறை வரும் தகவலை அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வாய்ப்பு அதிகம்.